பிள்ளை ஏங்கிப் போகுமா?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போது தோட்டத்துப் பிள்ளைகளின் புத்தகப் பையில் ஒரு தாள் வந்து சேரும். பள்ளிக்கூடமோ, கோயில் நிர்வாகமோ, இளைஞர் இயக்கமோ நடத்தும் விடுமுறை முகாமுக்கான அழைப்பு அது. நான்கு இரவு, ஐந்து பகல், இடம் பினாங்கு, பெற்றோர் கையொப்பம் இங்கே என்று போட்டிருக்கும். கடலில் குளிக்கலாம், கொடிமலைக்கு ரயிலில் ஏறலாம் என்ற ஆசையில் பிள்ளை அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும். அப்பா, கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பார். அம்மாவின் கண்ணோ 'நான்கு இரவு' என்ற இடத்திலேயே நின்றுவிடும்.

"நாலு ராத்திரியா? பிள்ளை ஏங்கிப் போயிடுமே!"

தாய்மார்களே, ஏங்கத்தான் செய்யும். ஏங்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே படுக்கும் பிள்ளைக்கு வீட்டு நினைப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வந்த ஏக்கத்தோடு பிள்ளை என்ன செய்கிறது, பெற்றவர்கள் என்ன செய்கிறோம் என்பதுதான் நாம் பேச வேண்டிய சங்கதி.

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் தெலுக் பாஹாங்கில் அப்படிப்பட்ட ஒரு முகாமின் சமையல்கட்டில் பல ஆண்டுகளாக நான் கைகொடுத்து வருகிறேன். நானும் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். கல்யாணமாகி ஜார்ஜ் டவுனுக்கு வந்து சேர்ந்தவள். முகாமில் சமையல்கட்டு ஒரு விசேஷமான இடம். பயிற்சி ஆசிரியரிடம் "நல்லா இருக்கேன் சார்" என்று விறைப்பாக நிற்கும் பையன், வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் பெரியம்மாவின் பக்கத்தில் வந்து நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொள்வான். பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிடலாம் அல்லவா?

இந்த முகாம் என்ற ஏற்பாடே குளிர் நாட்டிலிருந்து வந்ததுதான். 1861இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்திச் சென்று கூடாரமடித்துத் தங்க வைத்தார். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபது பையன்களோடு நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கமே பிறந்தது. அங்கே கோடை வந்தால்தான் வெளியே படுக்க முடியும். அதனால் கோடை முகாம் என்றார்கள். நமக்கு ஆண்டு முழுவதும் கோடைதான்! ஆண்டிறுதியில் மழை வேறு வந்து கூரையைத் தட்டும். ஆனால் முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகளின் முகம் வாடுவதில் கனெக்டிகட்டுக்கும் கெடாவுக்கும் வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் பாட்டிமார் இதை ஒரு நோயாகவே வைத்திருந்தார்கள். பிள்ளை சோறு இறங்காமல், காய்ச்சல் கண்டு, சுருண்டு படுத்தால் "ஏங்கிப் போச்சு" என்பார்கள். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் தூக்கிப் போய்த் திருநீறு போட்டுக் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதில்லை. 1688இல் பாசல் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜொஹானஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர், வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே வகைப்படுத்தி 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் சூட்டி ஆய்வேடு எழுதினார். வெளிநாட்டு மன்னர்களுக்காகக் கூலிக்குப் போரிடச் சென்ற சுவிட்சர்லாந்து வீரர்கள் ஊர் நினைப்பில் உருகிப் படுத்த படுக்கையானார்களாம். தங்கள் மலைநாட்டில் மாடு ஓட்டிப் பாடும் பாட்டு காதில் விழுந்தால் அவர்கள் நிலைகுலைந்துவிடுவார்கள் என்று அதைப் பாடவே தடை போட்டதாக ஒரு கதையும் உண்டு. துப்பாக்கி பிடித்த ஆண்பிள்ளைகளின் கதி இது. நம் பத்து வயதுப் பிள்ளை அழுதால் மட்டும் "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று கேட்டுவிடுகிறோம்.

முகாமுக்கு வரும் பஸ் பினாங்குப் பாலத்தில் ஏறியதும் பிள்ளைகளிடம் நான் இடது பக்கம் கைகாட்டுவேன். கடல் நடுவே பச்சையாக ஒரு தீவு தெரியும். ஜெரேஜாக் தீவு அது. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரை நோய்த்தடுப்புக்காக அங்கே இறக்கிக் காத்திருக்க வைத்தார்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை இங்கே அனுப்புவதைத் தடை செய்யும் வரையில் தோட்டங்களுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் 1973 வரையில் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போய்வந்துகொண்டிருந்தது. என் பாட்டியும் அந்தக் கடலைக் கடந்து வந்தவர்தான். "மொத ஆறு மாசம் ராத்திரிச் சோறு எறங்கலடி" என்று அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பகல் சோற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பகலில் மரம் இருந்தது, வேலை இருந்தது, கூடப் பேச ஆள் இருந்தது. ராத்திரிதான் ஊர் வந்து நின்றிருக்கிறது.

முகாமிலும் அதேதான். பகலெல்லாம் பிள்ளைகள் கடலும் மணலுமாகக் கிடப்பார்கள். தெலுக் பாஹாங் வனப் பூங்காவில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் ஏற மாட்டார்கள். மாலை மங்கி, விளக்குப் போட்டு, சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்ததும் ஒவ்வொரு முகமாக வாடும். லயத்தில் அது எந்த நேரம் என்று நினைத்துப் பாருங்கள். அம்மா வேலை முடிந்து, குளித்து, சாமி விளக்கை ஏற்றி, அடுப்படியில் நிற்கும் நேரம். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி நம் வீட்டிலும் கேட்கும் நேரம்.

தோட்டத்துப் பிள்ளைக்குப் பிரிவு புதிதல்ல. முன்பெல்லாம் விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போவாள். பகலில் அம்மா இல்லாமல் இருக்க நம் பிள்ளைகள் பழகியவர்கள். ஆனால் இரவில்? ஒரே பாயில் பாட்டி, அக்கா, தம்பி என்று வரிசையாகப் படுத்துப் பழகிய உடம்பு அது. தனிக் கட்டிலில் படுக்க வைத்தால், வசதி செய்து கொடுத்ததாக நமக்குத் தோன்றும். பிள்ளைக்கோ இரண்டு பக்கமும் வெறுமையாக இருக்கும். பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தனி அறை பழக்கம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் வரும் முகாமில் கட்டில்களை ஓரங்கட்டிவிட்டுப் பாய்களை நெருக்கமாக விரித்துப் போடச் சொல்லி நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். விரித்துப் போட்ட ஆண்டுகளில் நடுராத்திரி அழுகை குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

முதல் இரவு ஒன்பது மணிக்கு மேல் வரிசையாக வயிற்றுவலி வரும். ஒரு பிள்ளைக்கு வந்தால் ஐந்து பிள்ளைகளுக்கு வரும். பொய்வலி என்று சொல்லாதீர்கள். மனம் நொந்தால் வயிறு உண்மையாகவே வலிக்கும். கோடாலித் தைலத்தை இரண்டு சொட்டு எடுத்துத் தொப்புளைச் சுற்றித் தடவிவிடுவேன். தைலம் பாதி வேலையைச் செய்யும். அந்த வாசனை மீதி வேலையைச் செய்யும். லயத்தில் அந்த வாசனை இல்லாத வீடு உண்டா?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தப் பாடு இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் காலை தட்டைத் தூக்கிக்கொண்டு "இன்னொரு தோசை" என்று வந்து நிற்பார்கள். இந்த இரண்டு நாளைக் கடக்கவிடாமல் பிள்ளையைத் தடுக்கிற சில காரியங்களைப் பெற்றோர்களே நல்லெண்ணத்தோடு செய்துவிடுகிறார்கள். அதை எழுதத்தான் இந்தக் கட்டுரையே.

ஓர் ஆண்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வந்திருந்தாள். திங்கட்கிழமை மத்தியானம் வந்து இறங்கியதிலிருந்து பையைத் தோளிலிருந்து கழற்றவே இல்லை. கேட்டருகே போய் நின்றுகொண்டாள். ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். தெலுக் பாஹாங் ரோட்டில் மோட்டாருக்கா பஞ்சம்? நூறு முறை எட்டிப் பார்த்திருப்பாள். இருட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பஸ் ஏறும்போது அவள் அழுதிருக்கிறாள். அப்பா, "நீ பஸ்ஸில போ கண்ணு, அப்பா மோட்டாரில பின்னாலேயே வர்றேன்" என்று சொல்லி ஏற்றிவிட்டிருக்கிறார்.

இப்படிப்பட்ட பொய்யைச் சொல்லாத பெற்றோர் குறைவு. 'கடைக்குப் போயிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் புழக்கடை வழியாக வேலைக்கு ஓடுவது நம் லயங்களில் காலங்காலமாக நடப்பதுதான். அந்த நேரத்து அழுகை நிற்கும். ஆனால் பிள்ளை காத்திருக்க ஆரம்பித்துவிடும். காத்திருக்கிற பிள்ளையால் விளையாட முடியாது, சாப்பிட முடியாது, தூங்கவும் முடியாது. தூங்கினால் அப்பா வந்துவிட்டுப் போய்விடுவாரே!

அந்த அப்பாவைக் கைப்பேசியில் பிடித்தேன். "அக்கா, நாளைக்கு வருவேன்னு சொல்லி வைங்க" என்றார்.

"தம்பி, நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. என்னைக்கு, எந்த நேரத்துக்கு, எந்த இடத்துல நிப்பீங்களோ அதை மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிப் பிள்ளையிடம் கொடுத்தேன்.

அவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா வரல கண்ணு. அப்பா சும்மா சொன்னேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் வந்து நிக்கிற எடத்துல, கோயில் மரத்தடியில நிப்பேன்" என்று சொல்லிவிட்டார். அவள் அழுத அழுகை சமையல்கட்டுத் தகரத்தையே அதிர வைத்தது. அரை மணி நேரம் அழ விட்டேன். யாரும் "அழாதே" என்று சொல்லக்கூடாது என்று மற்றவர்களையும் அதட்டி வைத்தேன். பிறகு தானாகவே பையைக் கழற்றினாள். அதன் முன்பையில் தோட்டத்திலிருந்து பொறுக்கி வந்த ரப்பர் கொட்டைகள் கிடந்தன. நான்கு கொட்டைகளை எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தோம். ஒவ்வொரு காலையும் ஒன்றை எடுத்துப் பைக்குள் போட வேண்டும். ஜன்னல் காலியாகும் அன்றைக்கு அப்பா மரத்தடியில் நிற்பார். இரண்டாம் கொட்டையை எடுக்கும்போதே அவள் வேறு இரண்டு பிள்ளைகளுக்கும் கொட்டை வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைக்கு 'வெள்ளிக்கிழமை' என்பது எட்டாத வெளியூர் மாதிரி. கையால் தொட்டு எண்ணினால்தான் அது பக்கத்தில் வரும்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. "பிடிக்கலன்னா ஒரு போன் போடு, அப்பா அடுத்த நிமிஷமே வந்து தூக்கிட்டுப் போயிடுறேன்" என்று ரகசியமாகக் காதில் சொல்லி அனுப்புவது. முகாமில் கைப்பேசி கூடாது என்றால் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கூட அனுப்புகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் பிள்ளைக்கு அதில் கேட்பது வேறு: 'உன்னால் முடியாது என்று அப்பாவுக்கே தெரியும்.' லேசாக மனம் கலங்கிய உடனே விரல் போனுக்குப் போகும். கிறிஸ்டோபர் தர்பர் என்ற உளவியலாளரும் எட்வர்ட் வால்டன் என்ற மருத்துவரும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்துக்காக 2007இல் வீட்டு ஏக்கத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். அழைத்துப் போக வருவேன் என்று முன்கூட்டியே பேரம் பேசாதீர்கள் என்பது அதில் முக்கியமான அறிவுரை. முகாமுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவில் பிள்ளைக்கும் பங்கு கொடுங்கள், ஏக்கம் வருவது இயல்பு என்று முன்பே சொல்லுங்கள், வீட்டைவிட்டு வெளியே தங்கிப் பழக்குங்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் நம் லயத்தைப் பார்த்தவர்கள் அல்ல. என்றாலும் சொன்னது நமக்குப் பொருந்துகிறது.

பழக்குவது நமக்கு அவர்களைவிடச் சுலபம். சுங்கை பட்டாணியில் சித்தி இருப்பாள், பட்டர்வொர்த்தில் மாமா இருப்பார். முகாமுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை இரவு பிள்ளையை மட்டும் அங்கே விடுங்கள். நீங்கள் கூடப் போய்ப் படுத்தால் அது விருந்து, பழக்கமாகாது. திரும்பி வந்ததும் "ராத்திரி எப்படித் தூக்கம் வந்துச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தானே சொல்லும். ஒன்று கந்தசஷ்டி கவசத்தைச் சொல்லிக்கொண்டே தூங்கினேன் என்னும். இன்னொன்று கூரைத் தகரத்தை எண்ணினேன் என்னும். அதையே முகாமிலும் செய்யச் சொல்லுங்கள்.

பையில் என்ன வைப்பது? புதுச் சட்டை வாங்கித் திணிக்காதீர்கள். புதுத்துணியில் கடை வாசனைதான் அடிக்கும். பாட்டியின் பழைய கைலித் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். பெரிய பையன்கள் வெட்கப்படுவார்கள். தலையணைக்கு உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுங்கள். நான்கு நாளைக்கு நான்கு துண்டுக் கடிதம் எழுதி வைக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். அருமையான யோசனை. ஆனால் என்ன எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒரு கடிதத்தை ஒரு பையன் என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னான். "நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது. நாய்கூடச் சாப்பிடவில்லை. தங்கச்சி உன்னைக் கேட்டு அழுகிறாள்." பஸ் ஏறும் முன்பே எழுதி வைத்த கடிதம், அதற்குள் நாய் எப்படிப் பட்டினி கிடந்தது என்பதை அந்த அம்மாதான் சொல்ல வேண்டும்! பையன் மூன்று வேளை நாய்க்காகவே அழுதான். "நாய் உன் செருப்பைக் கடித்துவிட்டது, வந்து ரெண்டு போடு" என்று எழுதியிருந்தால் சிரித்திருப்பான்.

அழுகிற பிள்ளையைப் பற்றியே இவ்வளவு நேரம் சொன்னேன். அழுகிற பிள்ளையால் எனக்கு அவ்வளவு பயமில்லை.

1952இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு சிறு திரைப்படம் எடுத்தார். எட்டு நாள் மருத்துவமனையில் விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றியது. அந்தக் காலத்து மருத்துவமனைகளில் பெற்றோர் விருப்பம்போல் வந்து பார்க்க முடியாது. வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்று தாதியர் நம்பினார்கள். அந்தச் சிறுமி அதிகம் அழவில்லை. ஆனால் அவள் முகத்தையும் கையையும் படத்தில் பார்த்தவர்களுக்கு, அமைதி என்று நினைத்தது அமைதி அல்ல என்று புரிந்தது. பிரிட்டனில் 1959இல் வந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் தாராளமாக வந்து பார்க்க விட வேண்டும் என்று பரிந்துரைத்ததற்கு இந்தப் படமும் ஒரு காரணம்.

நம் முகாமில் ஓர் ஆண்டு பதினொரு வயதுப் பையன் ஒருவன். கெடா மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்தவன். தங்கமான பிள்ளை என்று எல்லா ஆசிரியர்களும் சொன்னார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை, அழுகை இல்லை. கொடுத்ததில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை ஒழுங்காகக் கொட்டித் தட்டைக் கழுவி வைப்பான். இரண்டாம் நாள் விடியற்காலை நான்கரை மணிக்கு அடுப்பு மூட்ட வந்தேன். இருட்டில் சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். பாயைச் சுருட்டி, தலை சீவி, சட்டை போட்டுத் தயாராக இருந்தான்.

ஒன்றும் கேட்காமல் ஒரு கூடை பயற்றங்காயை அவன் முன்னால் வைத்தேன். பிள்ளைகளோடு பேச வேண்டுமானால் கைக்கு வேலை கொடுக்க வேண்டும். முகத்தைப் பார்த்துக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். அவன் நறுக்கிய நறுக்கைப் பார்த்தேன். வீட்டில் சமைத்துப் பழகிய கை. பாதிக் கூடை முடிந்த பிறகு கேட்டான்:

"பெரியம்மா, இன்னைக்கு என்ன தேதி?"

சொன்னேன்.

"அப்ப நாளைக்குச் சம்பளம்."

அதற்குமேல் பேசவில்லை. நானும் கத்தியை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சம்பளத்தன்னைக்கு அப்பா குடிச்சிட்டு வருவாரு. நான் நடுவுல படுத்திருந்தா அம்மாவ அடிக்க மாட்டாரு."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சம்சு எத்தனை வீட்டை அழித்தது என்பது நமக்குத் தெரியும். அவனுக்கு இருந்தது வீட்டு ஏக்கம் அல்ல. ஏக்கம் என்றால் வீட்டில் கிடைக்கும் சுகத்தை நினைப்பது. இவன் காவல் வேலையை விட்டுவிட்டு வந்த காவல்காரன்.

முகாம் பொறுப்பாளர்களிடம் சொன்னேன். இரண்டு பேர், "ஒருத்தனை அனுப்பினா பத்துப் பேர் கேட்பாங்க" என்றார்கள். வேறு காரணமாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இதில் முடியாது என்று நின்றேன். தாய்க்குப் போன் போட்டோம். "இங்க ஒண்ணுமில்லக்கா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அவள் சொன்ன குரலிலேயே எல்லாம் தெரிந்தது. வற்புறுத்திக் கேட்டபோது சுங்கை பட்டாணியில் இருக்கும் தன் அண்ணனின் எண்ணைக் கொடுத்தாள். தாய்மாமன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் மாலையே லயத்துக்குப் போய்விட்டார். இரவு எட்டு மணிக்குத் தாய் அவளாகவே கூப்பிட்டு மகனிடம் பேசினாள். "மாமா இங்கதான் படுத்திருக்காருய்யா. நீ தூங்கு."

அவன் போனைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தான். காலை எட்டு மணி வரையில் எழுந்திருக்கவில்லை. தேகப்பயிற்சி விசிலுக்கும் எழவில்லை; எழுப்பக் கூடாது என்று நான் வாசலில் நின்றுகொண்டேன். மாமன் இல்லாதிருந்தால் அன்றைக்கே காரில் ஏற்றி அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வீட்டில் தாய்க்கு ஆபத்து இருக்கும்போது பிள்ளையை முகாமில் கட்டிப்போட்டு எந்தத் தைரியத்தையும் வளர்க்க முடியாது. அதோடு விட்டுவிடவும் இல்லை. வீட்டுக்குள் அடி உதை என்பது 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி போலீசில் புகார் செய்யக்கூடிய விஷயம். 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி அந்த மாமனிடம் கொடுத்தனுப்பினோம். உங்கள் லயத்தில் யாருக்காவது வேண்டியிருக்கலாம் என்றுதான் இங்கேயும் எழுதுகிறேன்.

ஆகவே, பிள்ளை முகாமுக்குப் போக மாட்டேன் என்று அழுதால், கோழைத்தனம் என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஏற்றிவிடும் முன்னால் எதை நினைத்து அழுகிறது என்று கேளுங்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லாதபோது, புதுக் குழந்தை பிறக்கப் போகும்போது, வீடு மாறப் போகும்போது பிள்ளையை அனுப்பாமல் இருப்பது நல்லது. திரும்பி வரும்போது வீடு அப்படியே இருக்கும் என்ற நிச்சயம் இருந்தால்தான் பிள்ளையால் வெளியே இருக்க முடியும். முகாமில் யாராவது அடித்தார்கள், மிரட்டினார்கள், தொடக்கூடாத இடத்தில் தொட்டார்கள் என்று பிள்ளை சொன்னால் அது ஏக்கமும் அல்ல, சாக்கும் அல்ல. அன்றைக்கே போய் நில்லுங்கள்.

மற்றபடி, வெள்ளிக்கிழமை மத்தியானம் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் "அழுதியா?" என்று கேட்காதீர்கள், அழுததையே பிள்ளை பெரிதாக நினைக்கும். பக்கத்துப் பாயில் யார் படுத்தது, அந்தப் பிள்ளை எந்தத் தோட்டம், பெரியம்மா சமைத்த மீன் குழம்பில் உப்புச் சரியாக இருந்ததா என்று கேளுங்கள். உப்பைப் பற்றி வரும் பதில் எனக்கு வேண்டாம்.

அந்த ரப்பர் கொட்டைச் சிறுமியின் தாய் மறு ஆண்டு முகாமுக்கு அவளைக் கொண்டுவந்து விட்டபோது என்னிடம் ஒரு சங்கதி சொன்னாள். முதல் முகாம் முடிந்து வீட்டுக்குப் போன அன்றைக்கு இரவு, எப்போதும் அம்மாவை ஒட்டியே படுக்கும் பிள்ளை, தனியாக ஒரு பாயை எடுத்துப்போய் ஹாலில் விரித்ததாம். "அங்க இப்படித்தான் படுத்தோம்மா" என்று சொல்லிவிட்டு உடனே தூங்கியும் போனதாம்.

"அவ நல்லாத் தூங்கிட்டா அக்கா. எனக்குத்தான் விடிய விடியத் தூக்கமே வரல."